கல்லூரி மாணவர் ஆய்வும் ஊர்க் கிணற்று நீரும்

சுற்றுச்சூழல் அறிவியல் பட்டப்படிப்பில் சேரும் மாணவர்களுள் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. பல கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர் ஏதேனும் ஒரு பொருளை ஆய்ந்து அறிக்கை தரவேண்டும். அந்த ஆய்வைச் சொந்த ஊர்க் கிணறுகளில் மேற்கொண்டால் மாணவருக்கு மதிப்பெண்ணும், ஊருக்கு நீரைப் பற்றிய கணக்கும் கிடைக்கும்.

நொய்யல் தரும் பாடம்

திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணை பாசனத்துக்கு உதவாமல் போயிற்று. பக்கத்துக் கிணறுகளும் உப்பேறின. விவசாயிகள் நீதிமன்றம் சென்றனர். கழிவுநீர் பற்றிய உத்தரவை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. இத்தகைய ஊர்களில், நீர் கெடத் தொடங்கும்போதே அளந்து எழுதிய கணக்கு இருந்தால் விவசாயிகளின் கை வலுப்படும்.

எதை அளப்பது?

நீரின் உப்பை மின்கடத்தும் திறனைக் கொண்டு அறியலாம். இது மீட்டருக்கு 0.75 டெசிசைமனுக்குள் இருந்தால் பெரும்பாலான பயிர்களுக்கு ஏற்றது, 2.25-க்கு மேல் போனால் உப்பு மிக அதிகம். எஞ்சிய சோடியம் கார்பனேட் லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்விவேலண்டுக்குள் இருக்கவேண்டும். 2.5-ஐத் தாண்டிய நீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் நிலம் களராகும். அதற்கு ஜிப்சம் இடவேண்டிவரும்.

மாதிரி எடுக்கும் முறை

மோட்டாரைப் பத்து, பதினைந்து நிமிடம் ஓட விட்டபின், சுத்தமான பாட்டிலை அதே நீரில் மூன்று முறை அலசி அரை லிட்டர் பிடிக்க வேண்டும். கிணற்றின் அடையாளம், ஆழம், தேதி, பாயும் பயிர் ஆகியவற்றை எழுதி ஒட்டவேண்டும். தாமதமின்றி ஆய்வுக்கூடம் சேர்ப்பது நல்லது. கடைசிப் பருவம் பெரும்பாலும் மார்கழி, தை வாக்கில் தொடங்கிச் சித்திரையில் முடிவதால், மழை ஓய்ந்தபின் ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும் அளக்க வசதியுண்டு. ஒரே முறை அளந்து முடிவு கட்டுவது சரியல்ல.

உதவி எங்கே?

தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ஆய்வுகளுக்கு நிதியுதவி அளித்துவருகிறது. எந்தப் படிப்பினர் விண்ணப்பிக்கலாம் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளலாம். இந்திய அறிவியல் கழகங்கள் மூன்று சேர்ந்து, கோடையில் இரண்டு மாதம் ஆராய்ச்சி நிலையங்களில் பயிற்சி பெற மாணவர்களுக்கு உதவித்தொகை தருகின்றன. பணவசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் இவற்றைப் பற்றிப் பேராசிரியரிடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

"கிணறு உப்பு என்று எழுதிவிட்டால் நிலத்தின் விலை இறங்குமே" என்ற அச்சம் சிலருக்கு உண்டு. அது நியாயமானதே. உடைமையாளர் பெயரை விட்டு, கிணறுகளுக்கு எண் கொடுத்து எழுதும்படி மாணவரிடம் முதலிலேயே சொல்லிவிடலாம். மாதிரி கொடுத்த ஒவ்வொருவருக்கும் அவரவர் கிணற்றின் முடிவைத் தமிழில் எழுதித் தரவேண்டும் என்றும் பேசிக்கொள்ள வேண்டும். அறிக்கை கல்லூரி அலமாரியோடு நின்றுவிட்டால் ஊருக்குப் பயனில்லை.

மற்றொன்றும் நினைவிருக்கட்டும். மாணவர் அறிக்கையை மட்டும் வைத்து ஆலைமீது நடவடிக்கை எடுக்க இயலாது. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டப்படி, ஆலைக் கழிவுநீரை மாசுக்கட்டுப்பாட்டு வாரியமே முறைப்படி எடுத்துச் சோதிக்க வேண்டும். எந்த இடத்தில், எந்த மாதத்தில் சோதிக்கவேண்டும் என்று மனுவில் குறிப்பிட மாணவரின் அட்டவணை துணைசெய்யும்.

கல்லூரியில் பிள்ளைகள் படிக்கும் ஊர்களில், ஆய்வுத் தலைப்பை முடிவு செய்யுமுன்பே பெரியவர்கள் அவர்களோடு கலந்து பேசுவது நலம்.