அசலை வென்ற நகல்

தொண்ணூறுகளில் இந்தியச் சிறுவர்களை ஆட்டிப்படைத்த ‘டிவி கேம்’ பெட்டிக்குக் குறைகள் ஏராளம். அதன் மகிமையும் அந்தக் குறைகளில்தான் இருந்தது.

பெட்டியின் மேல் ஒரு பெயர். உள்ளே இருந்ததோ வேறொருவரின் மூளை. தொண்ணூறுகளில் தில்லி பாலிகா பஜார், சென்னை பர்மா பஜார் போன்ற கடைவீதிகளில் வீடியோ கேம் பெட்டிகள் குவிந்தன. மீடியா, சாமுராய், லிட்டில் மாஸ்டர் என்று நாடெங்கும் பெயர்கள் பல. ஆனால் மூலம் ஒன்றுதான்: ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று 14,800 யென் விலையில் வெளியிட்ட ஃபேமிகாம். விளையாடிய சிறுவர்களில் பெரும்பாலோர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. மீசை வைத்த மரியோவைத் தெரியும். அவன் பிறந்த வீடு தெரியாது.

வீட்டைக் கட்டியவர் மசாயுகி உவெமுரா என்ற பொறியாளர். குறைந்த விலை, எளிய அமைப்பு, உறுதியான உடல் என்று அவர் வடிவமைத்த இயந்திரம் ஆரம்பத்திலேயே தடுமாறியது. சில்லுக் கோளாறால் விற்ற பெட்டிகளைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்ய வேண்டியிருந்தது. பிறகு நடந்தது வரலாறு. 1985இல் அமெரிக்காவுக்கு வேறு உடையில் போன இது, உலகெங்கும் மொத்தம் 6.19 கோடி விற்றது. இது அசலின் கணக்கு மட்டுமே. நகல்களுக்குக் கணக்கில்லை.

நகல் எடுப்பதும் சுலபமாகத்தான் இருந்தது. அமெரிக்காவுக்குப் போன பெட்டிக்குள் அனுமதி பெறாத கேசட்டுகளைத் தடுக்கும் பூட்டுச் சில்லு ஒன்றை நிண்டெண்டோ வைத்தது. ஜப்பானியப் பெட்டியில் அந்தப் பூட்டு இல்லை. தைவானில் அதே வேலையைச் செய்யும் சில்லுகள் உருவாயின. திறந்த கதவு வழியே உலகமே உள்ளே நுழைந்தது. ரஷ்யாவில் 1992இல் இது ‘டெண்டி’ ஆயிற்று. சீனாவில் விசைப்பலகை பொருத்தி ‘படிப்பு இயந்திரம்’ என்று விற்றார்கள். இந்தியாவிலும் விசைப்பலகை மாடல்கள் வந்தன. ‘கம்ப்யூட்டர் கத்துக்கலாம்ப்பா’ என்ற ஒரு வரியில் மசிந்த தகப்பன்மார்கள் அநேகம்.

இன்று ஒரு செல்போன் புகைப்படத்துக்குத் தேவைப்படும் இடத்தில் பல மரியோக்களைக் குடிவைத்துவிடலாம். 1985இல் வந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ முழுவதுமே 40 கிலோபைட்தான். இடப் பற்றாக்குறை சாமர்த்தியத்தைக் கற்றுத் தந்தது. வானத்து மேகமும் தரையிலிருக்கும் புதரும் ஒரே படம். நிறம் மட்டும் வேறு. ஆண்டுக்கணக்கில் விளையாடியவர்கள்கூட இதைக் கவனித்ததில்லை.

சிக்கனம் பெட்டிக்குள் மட்டுமல்ல, வெளியிலும் இருந்தது. பெரும்பாலான வீடுகளில் ஒரே டிவி. அப்பாவின் செய்திக்கும் அம்மாவின் தொடருக்கும் நடுவில் கிடைக்கும் நேரமே விளையாட்டு நேரம். கேசட் விலை கட்டுப்படியாகாது, எனவே கைமாற்று. ஒரு தெருவில் நான்கு கேசட் இருந்தால் அது நான்கு பேருடைய சொத்தல்ல, தெருவின் சொத்து. பெட்டி வாங்க முடியாதவர்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடைகள் இருந்தன.

‘9999 இன் 1’ என்று அட்டையில் மார்தட்டிய கேசட்டுகளில் உண்மையில் இருந்தவை சில விளையாட்டுகளே. அதே விளையாட்டு வேறு கட்டத்திலிருந்து தொடங்கினால் அதற்கு வேறு எண். ஏமாற்றம்தான். ஆனால் பட்டியலின் அடியாழத்தில் ஏதோ புதையல் இருக்கும் என்று தேடிய மதியங்கள் வீண் என்று யாரும் சொல்வதில்லை. படம் வராவிட்டால் கேசட்டை வெளியே எடுத்து ஊத வேண்டும் என்பது நாடு முழுவதும் நம்பப்பட்ட கைவைத்தியம். வேலை செய்தது ஊதல் அல்ல, மறுபடி செருகியது. எச்சில் ஈரம் உலோக முனைகளை அரிக்கும் என்பதால் ஊதாதீர்கள் என்றது நிண்டெண்டோ. யார் கேட்டார்கள்?

மரியோவில் விட்ட இடத்தைச் சேமித்துவைக்கும் வசதி கிடையாது. எட்டாவது உலகம் வரை வந்தவனும் கரண்ட் போனால் முதல் உலகத்தில்தான் மறுபடி நிற்க வேண்டும். மின்வெட்டுக்குப் பழகிய ஊர்களின் பிள்ளைகளுக்கு இதைவிடக் கொடிய வில்லன் விளையாட்டுக்குள் இல்லை.

இரண்டு கைப்பிடிகளிலும் ஓர் அரசியல் இருந்தது. ஜப்பானிய அசலில் இரண்டாவது கைப்பிடிக்கு ‘ஸ்டார்ட்’, ‘செலக்ட்’ பொத்தான்கள் இல்லை. பல நகல்களும் அப்படியே வந்தன. ஆட்டத்தைத் தொடங்கவும் நிறுத்தவும் முதல் கைப்பிடிக்கு மட்டுமே அதிகாரம். அது அண்ணன் கையில் இருக்கும், தம்பிக்கு இரண்டாவது. ஆனால் ‘காண்ட்ரா’வில் இந்த அதிகாரம் பலிக்காது. அருவியில் ஏறும் கட்டத்தில் ஒருவன் அவசரப்பட்டு மேலே தாவினால் திரையும் மேலே நகரும். பின்தங்கியவன் கீழே விழுந்து சாவான். துப்பாக்கி சுடக் கற்றுத் தந்த விளையாட்டு, காத்திருக்கவும் கற்றுத் தந்தது.

இன்று அந்த விளையாட்டுகளைக் கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் ஆடலாம். ஆனால் எல்லாமே மீண்டுவிடவில்லை. வாத்து சுடும் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். விசையை அழுத்தியதும் திரை கணநேரம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி முனையிலுள்ள உணர்கருவி அந்த வெளிச்சத்தைக் கண்டால் குறி தப்பவில்லை என்று பொருள். பழைய படக்குழாய் டிவி உடனுக்குடன் காட்டிய அந்த மின்னல், இன்றைய தட்டை டிவியில் சற்றே தாமதமாக வருகிறது. அந்தத் தாமதம் போதும். எப்படிச் சுட்டாலும் வாத்து பறந்துவிடும். கிலோ கணக்கில் பழைய டிவியைக் காயலான் கடைக்குப் போட்டபோது அந்த விளையாட்டும் சேர்ந்தே போயிற்று.

நகல் எடுத்தவர்கள் மூலவருக்கு உரிமத் தொகை தரவில்லை, அது அநியாயம். 2021 டிசம்பரில் தமது 78ஆம் வயதில் உவெமுரா மறைந்தபோது, அவரால் பால்யம் இனித்தவர்களில் பலருக்கு அப்படி ஒருவர் இருந்தார் என்பதே தெரியாது. அது அதைவிடப் பெரிய அநியாயம். ஆனால் அசலின் விலையை எண்ணிக்கூடப் பார்க்க முடியாத வீடுகளுக்கு அவருடைய கற்பனையைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதே நகல்தான். இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க முடியாது.

ஃபேமிகாம் தயாரிப்பை நிண்டெண்டோ 2003இல் நிறுத்தியது. பழுது பார்ப்பதையும் 2007இல் கைவிட்டது. இப்போது ஆயிரம் விளையாட்டுகள் ஒரு கைக்குள் அடங்குகின்றன. யாரிடமும் கேசட் கேட்டு நிற்க வேண்டியதில்லை. அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டிய அவசியமும் அத்தோடு போய்விட்டது.