வீட்டை எழுதிக் கொடுப்பதற்கு முன்

தமிழ்நாட்டுக் குடும்பங்களில் பெற்றோரின் வீடு பிள்ளைகளுக்குச் சேரும் வழிகளில் மிகுதியாகக் கையாளப்படுவது தான செட்டில்மெண்ட் பத்திரம். சார்பதிவாளர் அலுவலகத்தில் அது பதிவாகிச் சொத்து ஏற்றுக்கொள்ளப்பட்டதும் உரிமை பிள்ளைக்குப் போய்விடுகிறது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின்படி, கொடுத்தவர் மனம் மாறினார் என்பதற்காக மட்டும் அதைத் திரும்பப் பெற முடியாது. உயில் இதற்கு நேர்மாறானது. எழுதியவர் இறக்கும்வரை அதற்குச் செயல் இல்லை, அதுவரை அவர் அதை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் போதும், பதிவுகூடக் கட்டாயமில்லை. இருந்தும் மக்கள் செட்டில்மெண்டை நாடுவதற்குக் காரணம், உயில் வழக்குக்கு இழுக்கும் என்ற அச்சம். அச்சம் வீணானதல்ல: நீதிமன்றத்துக்குப் போனால் சாட்சிகளுள் ஒருவரேனும் வந்து சொல்லி உயிலை மெய்ப்பிக்க வேண்டும். எழுபத்தைந்து வயதுக்காரர் தம் வயதொத்த நண்பர்கள் இருவரையே சாட்சியாக்கும் வழக்கம்தான் இந்த இடத்தில் காலை வாருகிறது. வயதில் இளையவர்களைச் சாட்சியாக்கினால் சிக்கலில் பாதி தீரும்.

எழுதிக் கொடுத்த பின் பிள்ளை கைவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் ஓரளவு விடை தருகிறது. அறுபது வயது நிறைந்தவர் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்துப் பராமரிப்புத் தொகை கேட்கலாம். சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய் என்பது இன்றைய மருத்துவச் செலவுக்கு முன் சிறு தொகையே. அதைவிட வலிமையானது அதன் 23ஆம் பிரிவு. அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்து கொடுக்கப்பட்டு, பெற்றவர் அதிலிருந்து தவறினால், அந்தப் பத்திரத்தைச் செல்லாதென்று அறிவிக்க அப்பிரிவு இடமளிக்கிறது. நிபந்தனை பத்திரத்திலேயே இருக்க வேண்டுமா என்பதில்தான் நீதிமன்றங்கள் பல ஆண்டுகளாக வேறுபட்டு வந்துள்ளன. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது என்று காட்டியாக வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் மற்றோர் அமர்வு, முதியோரைக் காக்க வந்த சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லி, ஒரு தாயின் தானப் பத்திரத்தை ரத்து செய்து வீட்டையும் ஒப்படைக்கச் செய்தது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பின் பேரில் கொடுப்பதாக எழுதியிருந்தால் பராமரிப்பு என்ற நிபந்தனை அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்றது. ஆனால், எந்த அமர்வு எப்படிப் பொருள்கொள்ளும் என்று காத்திருப்பதைவிட, ஆவண எழுத்தரிடம் ஒரு வரியைக் கூடுதலாக எழுதச் சொல்வது எளிது. வாழ்நாள் முழுதும் அந்த வீட்டில் குடியிருக்கவும் அதன் வருமானத்தை அனுபவிக்கவுமான உரிமையைத் தமக்கென நிறுத்திக்கொண்டு, மீதி உரிமையை மட்டும் பிள்ளைக்குக் கொடுக்கும் முறையும் நெடுநாளாகவே புழக்கத்தில் உள்ளது.

இந்த முன்னெச்சரிக்கை பிள்ளையின் குணத்தை நம்பாமல் செய்வதன்று. நல்ல பிள்ளைக்கும் மணமுறிவும் மரணமும் நேரலாம் என்பதற்காகச் செய்வது. மகன் பெயருக்கு வீட்டை முழுமையாக எழுதிக் கொடுத்த பின் அவர் உயிலின்றி இறந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி அது அவர் தாய்க்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சமமாகச் சேரும். வீட்டைக் கட்டிய தந்தைக்கு அந்த முதல் வரிசையில் இடமில்லை. மணவிலக்கு வழக்கு நடந்துகொண்டிருந்தாலும் தீர்ப்பு வரும்வரை மனைவி வாரிசுதான். தீர்ப்புக்குப் பின் அவர் வாரிசல்லர், ஆனால் பிள்ளைகளின் உரிமை குறையாது. முன்பு துணைவர் பெயருக்கு எழுதிய உயில் மணவிலக்கால் தானாக ரத்தாகும் என்று சட்டம் சொல்லவுமில்லை. வங்கியில் கொடுத்த நியமனதாரர் பெயரும் மாற்றும்வரை அப்படியே இருக்கும். மறுபுறம், மருமகளை வெளியேற்ற முதியோர் சட்டத்தைக் கருவியாக்குவதும் நடக்கிறது. கணவர் வீட்டைத் தம் தந்தைக்கு விற்று, தந்தை அதைத் தம் மனைவிக்குத் தானமாக்கி, பின் மாமனார் மாமியார் வெளியேற்ற உத்தரவு பெற்ற பெங்களூரு வழக்கொன்றில், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பெண்ணுக்குத் தரும் குடியிருப்பு உரிமையை அப்படி அழித்துவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் அந்த உத்தரவை ரத்து செய்தது.

உயில் எழுத வேண்டிய அவசியம் ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதி என்பதைக் குடும்பங்கள் பெரும்பாலும் உணர்வதில்லை. இந்துப் பெண் ஒருவர் கணவரும் பிள்ளைகளும் இன்றி, உயிலும் எழுதாமல் இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்து முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். பெற்றோர் அதற்குப் பின்னரே வருவர். தாய் தந்தையிடமிருந்து வந்த சொத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. மணமான சில மாதங்களிலேயே கணவரை இழந்து, புகுந்த வீட்டாரால் வெளியேற்றப்பட்டு, பெற்றோர் படிக்கவைத்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் சேமிப்பு, 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றின்படி கணவரின் சகோதரி மகன்களுக்கே போயிற்று. சட்டத்தை எழுத்துப்படி பார்த்தால் தீர்ப்பு சரியே. நீதி எங்கே என்பது வேறு கேள்வி. ஒரு தாளில் எழுதிய உயில் அதைத் தடுத்திருக்கும். முஸ்லிம்களுக்கும் கிறித்தவர்களுக்கும் வேறு வாரிசுரிமை விதிகள் உள்ளன. முஸ்லிம் ஒருவர் பொதுவாகச் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே உயில் எழுதலாம்.

முதியவர் நினைவிழந்து போகும் நிலைக்கு இந்தியச் சட்டத்தில் ஏற்பாடு மிகக் குறைவு. பிள்ளைக்குக் கொடுத்த பொது அதிகாரப் பத்திரம் அந்நிலையில் கைகொடுக்கும் என்று பலர் நம்புகின்றனர். ஆனால் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் முகவரின் அதிகாரமும் முடிந்துபோகிறது. அதன் பிறகு சொத்தையோ வங்கிக் கணக்கையோ கையாள உயர் நீதிமன்றத்தை அணுகிக் காப்பாளர் நியமனம் பெறுவதே பல குடும்பங்களுக்கு மிஞ்சும் வழி. மருத்துவம் பற்றிய விருப்பத்துக்கு மட்டும் வழி எளிதாகியிருக்கிறது: மீளமுடியாத நிலையில் செயற்கை உயிர்காப்புக் கருவிகள் வேண்டாம் என்ற முன்விருப்ப ஆவணத்தை 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது, 2023 ஜனவரியில் நடைமுறையைத் தளர்த்தியதால், மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டிய தேவையின்றி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்று பெற்றால் போதும்.