முதுகுத்தண்டு நீரில் தெரியும் கோடுகள்: எம்.எஸ். நோயைக் கண்டறிவதில் ஆய்வகத்தின் பங்கு

நீரிழிவுக்கு இரத்தச் சர்க்கரை அளவும் தைராய்டு கோளாறுக்கு டி.எஸ்.எச். அளவும் இருப்பதுபோல, மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோயை உறுதிசெய்யத் தனியொரு இரத்தப் பரிசோதனை இன்றுவரை இல்லை. சுருக்கமாக எம்.எஸ். என்று மருத்துவர்கள் குறிப்பிடும் இந்நோயில், உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் உள்ள நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் என்ற கொழுப்புறையைத் தாக்கி அழிக்கிறது. ஒருவருக்கு ஒரு கண்ணில் வலியோடு பார்வை மங்கும். மற்றொருவருக்குக் கால் மரத்துப்போகும். வேறொருவருக்கு நடை தள்ளாடும். இவை சில வாரங்களில் தாமாகவே தணிந்துவிடவும் கூடும் என்பதால், நோயாளி சொல்லும் வரலாறு, நரம்பியல் மருத்துவரின் நேரடிப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. படம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. இதில் ஆய்வகம் இரண்டு வகையில் துணைநிற்கிறது. மூளைக்குள் அழற்சி நடக்கிறது என்பதற்குச் சான்று தேடித் தருவது ஒரு வகை, எம்.எஸ். போலவே தோன்றும் பிற நோய்களை விலக்கிக் காட்டுவது மற்றது. முதலாவதைப் பற்றியே அதிகம் பேசப்படுகிறது என்றாலும், இந்தியா போன்ற நாட்டில் இரண்டாவதன் முக்கியத்துவம் சிறிதும் குறைந்ததல்ல.

சான்று தேடும் இடம், மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் தெளிந்த நீராகும். வளர்ந்தவர் உடலில் எந்நேரமும் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் அளவே இருக்கும் இந்நீர், நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் வரை புதிதாகச் சுரந்துகொண்டே இருப்பதால், பரிசோதனைக்காக எடுக்கப்படும் சில மில்லிலிட்டரை உடல் விரைவில் ஈடுசெய்துவிடுகிறது. ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிச் குவிங்கே 1891இல் முறைப்படுத்திய வழியில்தான், இடுப்புப் பகுதியில் இரு முள்ளெலும்புகளுக்கு இடையே மெல்லிய ஊசியைச் செலுத்தி இது இன்றும் எடுக்கப்படுகிறது. முதுகில் நீர் எடுத்தால் கால் செயலிழந்துவிடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. ஆனால் வளர்ந்தவர்களுக்குத் தண்டுவடம் ஊசி நுழையும் இடத்துக்கு மேலேயே முடிந்துவிடுகிறது; அதற்குக் கீழே நீரில் மிதக்கும் நரம்பு வேர்களே உள்ளன. சிலருக்கு அடுத்த சில நாள்களுக்கு எழுந்து உட்கார்ந்தால் தலைவலி வருவதுண்டு. நுனி மழுங்கிய சிறப்பு ஊசியைப் பயன்படுத்தினால் அந்த வாய்ப்பும் குறைகிறது.

எடுத்த நீரில் வெள்ளணுக்களும் புரதமும் முதலில் அளக்கப்படுகின்றன. எம்.எஸ். நோயில் இவை பெரும்பாலும் இயல்பாகவோ சற்றே கூடியோ இருக்கும். வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 50ஐத் தாண்டினால் வேறு நோயைத் தேட வேண்டும். அடுத்து வருவதுதான் முக்கியமான பரிசோதனை. அமெரிக்க அறிவியலாளர் எல்வின் கபாட்டும் அவருடன் பணியாற்றியவர்களும், மின்புலத்தில் புரதங்களைப் பிரிக்கும் எலக்ட்ரோஃபோரெசிஸ் முறையைக் கொண்டு, எம்.எஸ். நோயாளிகளின் முதுகுத்தண்டு நீரில் காமா குளோபுலின் என்ற எதிர்ப்புரத வகை கூடுதலாக இருப்பதை 1942இல் காட்டினர். அந்தக் கண்டுபிடிப்பின் வளர்ச்சியே இன்றைய ஒலிகோகுளோனல் பட்டைகள் பரிசோதனை.

இப்பரிசோதனைக்கு முதுகுத்தண்டு நீர் மட்டும் போதாது. ஏறத்தாழ அதே நேரத்தில் கையிலிருந்து எடுத்த இரத்தமும் வேண்டும். அமிலத்தன்மை சீராக மாறிக்கொண்டே செல்லும் மெல்லிய ஜெல் பலகையில் இரண்டும் அடுத்தடுத்த தடங்களில் இடப்பட்டு மின்சாரம் செலுத்தப்படும்போது, ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்புரதம் ஒவ்வொன்றும் தன் மின்னூட்டம் சுழியாகும் இடத்தில் நின்றுவிடுகிறது. உடல்நலம் உள்ளவரிடம் பல்லாயிரம் வகை எதிர்ப்புரதங்கள் கலந்திருப்பதால் தடம் முழுவதும் மங்கலான ஒரே பூச்சாகத் தெரியும். மூளைக்குள் குடியேறிய சில பி அணுக் குடும்பங்கள் மட்டும் ஓயாமல் ஒரே வகைப் புரதத்தைச் சுரந்தால், அந்தப் பூச்சின் மீது மெல்லிய கோடுகள் எழுகின்றன. முதுகுத்தண்டு நீரின் தடத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கோடுகள் இருந்து, பக்கத்து இரத்தத் தடத்தில் அவை இல்லையெனில், அந்தப் புரதம் மூளைப் பகுதிக்குள்ளேயே உற்பத்தியானது என்பது உறுதியாகிறது. இரண்டு தடங்களிலும் ஒரே கோடுகள் இருந்தால், உடலின் வேறிடத்தில் உருவானவை உள்ளே கசிந்திருக்கின்றன என்று பொருள். ஆகவே இரத்த மாதிரியோடு ஒப்பிடாமல் தரப்படும் முடிவை முழுமையானதாகக் கொள்ள இயலாது.

கோடுகள் தெரிந்தாலே எம்.எஸ். என்று ஆகிவிடாது, நரம்பு மண்டலத்தைத் தாக்கும் சிபிலிஸ் போன்ற தொற்றுகளிலும் அவை தோன்றுகின்றன. வட ஐரோப்பாவில் நோயாளிகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோரிடம் அவை காணப்பட, ஆசிய நாடுகளில் அந்த விகிதம் குறைவாகவே பதிவாகியுள்ளது என்பதால், கோடுகள் இல்லை என்ற முடிவும் நோயை விலக்கிவிடாது. ஆனாலும் இப்பரிசோதனையின் மதிப்பு அண்மையில் கூடியிருக்கிறது. எம்.எஸ். என்று அறுதியிட, பாதிப்பு நரம்பு மண்டலத்தின் பல இடங்களிலும் வெவ்வேறு காலங்களிலும் நிகழ்ந்திருக்க வேண்டும் என்பது மெக்டொனால்ட் வரையறையின் அடிப்படையாக இருந்துவந்தது. 2017இல் திருத்தப்பட்ட அவ்வரையறை, இடப்பரவல் தெரிந்திருந்தால், காலப்பரவலுக்குப் பதிலாக இக்கோடுகளை ஏற்கலாம் என்றது. இதனால் இரண்டாவது தாக்குதல் வரும்வரை காத்திராமல் சிகிச்சையைத் தொடங்க முடிகிறது. இழந்த நரம்பிழைகள் திரும்பக் கிடைப்பதில்லை என்பதால் இது பெரிய பயன். கோடுகளைக் கண்ணால் எண்ணப் பயிற்சி வேண்டும். அதற்கு மாற்றாகத் தானியங்கிக் கருவி எண்ணாகவே தரும் கப்பா லைட் செயின் குறியீட்டையும் 2024ஆம் ஆண்டுத் திருத்தம் ஏற்றுக்கொண்டுள்ளது.

எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்று எம்.எஸ். வரும் அபாயத்தைப் பல மடங்கு கூட்டுவதை அமெரிக்கப் படைவீரர்களின் இரத்த மாதிரிகளைக் கொண்ட ஆய்வு 2022இல் காட்டியது. ஆனால் வளர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த வைரஸைப் பெற்றவர்களே என்பதால், அதற்கான இரத்தப் பரிசோதனை நோயைக் கண்டறியப் பயன்படுவதில்லை.

விலக்க வேண்டிய நோய்களில் எளிதாகத் தீர்க்கக்கூடியது பி12 வைட்டமின் குறைபாடு. கால் மரப்பையும் தள்ளாட்டத்தையும் அதுவும் உண்டாக்கும். பால், முட்டை, இறைச்சி குறைவாக உண்பவர்களிடம் இதைச் சோதிக்காமல் மேற்செல்வது தவறு. காசநோய், எச்.ஐ.வி., சிபிலிஸ், லூபஸ் ஆகியவையும் அவரவர் அறிகுறிகளைப் பொறுத்துத் தேடப்படுகின்றன.

எல்லாவற்றிலும் கவனம் தேவைப்படுவது நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா. பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் கடுமையாகத் தாக்கும் இந்நோய், நெடுங்காலம் எம்.எஸ். நோயின் ஒரு வகையாகவே கருதப்பட்டது. இதற்கே உரிய எதிர்ப்புரதத்தை 2004இல் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த வாண்டா லெனன் குழுவினர் அறிவித்தனர். மறு ஆண்டே அது அக்வாபோரின்-4 என்ற நீர்க்கால்வாய்ப் புரதத்தைக் குறிவைப்பது தெரியவந்தது. அப்புரதத்தைத் தாங்குமாறு வளர்க்கப்பட்ட அணுக்கள் மீது நோயாளியின் சீரத்தை இட்டு, ஒட்டிக்கொண்ட எதிர்ப்புரதம் ஒளிரும் சாயத்தில் மின்னுகிறதா என்று பார்க்கும் முறையே எலைசாவைவிட நம்பகமானது. எம்.எஸ். நோய்க்குத் தரப்படும் இன்டர்ஃபெரான் பீட்டா, ஃபிங்கோலிமாட் போன்ற மருந்துகள் இந்நோயை மோசமாக்கக்கூடும் என்பதால், இரண்டையும் பிரித்தறியாமல் மருந்து தொடங்குவது ஆபத்து. ஸ்டீராய்டோ இரத்தப் பிளாஸ்மா மாற்றமோ தொடங்கியபின் எதிர்ப்புரதத்தின் அளவு தாழ்ந்து முடிவு தவறாக எதிர்மறையாக வர இடமுண்டு. எனவே சிகிச்சைக்கு முன்பே இரத்த மாதிரியை எடுத்து வைப்பதும், ஐயம் நீங்காதபோது சில மாதங்கள் கழித்து மீண்டும் சோதிப்பதும் நரம்பியல் மருத்துவத்தில் வழக்கமாக உள்ளன.