வெளிநாட்டுப் பணியும் மருத்துவக் காப்பீடும்: வேலூர், ஆம்பூர் தோல் தொழில் பகுதி

வெளிநாட்டுப் பணியாளர் மருத்துவக் காப்பீடு என்பது, பிழைப்பிற்காகவோ படிப்பிற்காகவோ அயல்நாட்டில் குடியேறுபவர் அங்கு நோயுற்றாலும் விபத்தில் சிக்கினாலும் ஏற்படும் சிகிச்சைச் செலவை ஈடுசெய்யும் ஏற்பாடு ஆகும். இது எல்லா நாடுகளிலும் ஒரே வகையாக இல்லை. சில நாடுகளில் முதலாளி கட்டுகிறார். சில நாடுகளில் விசா பெறும்போதே அரசு தொகையை வாங்கிக்கொள்கிறது. சில நாடுகளில் தொழிலாளியே தனியார் நிறுவனத்திடம் வாங்க வேண்டியுள்ளது. எனவே, எந்தக் காப்பீடு நல்லது என்று கேட்பதற்கு முன், செல்லும் நாட்டின் சட்டம் யாரைப் பொறுப்பாக்குகிறது என்று அறிவது முதல் படியாகும்.

பாலாற்றுப் படுகையிலுள்ள வேலூர், இராணிப்பேட்டை, மேல்விசாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் பதனிடுதலுக்கும் காலணி உற்பத்திக்கும் பெயர் பெற்றவை. ஒரே வேலூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர்கள், 2019-ஆம் ஆண்டு நடந்த பிரிவினைக்குப் பின் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்னும் மூன்று மாவட்டங்களில் அமைந்துள்ளன. தோல் ஆலைகளிலும் ஷூ கம்பெனிகளிலும் வேலை செய்து, பின்னர் வளைகுடா நாடுகள், மலேசியா, சிங்கப்பூர் போன்ற இடங்களுக்குச் செல்வோர் இப்பகுதியில் உள்ளனர். இவர்களுக்குக் காப்பீட்டுத் தேர்வில் இரண்டு தனிச் சிக்கல்கள் உண்டு. ஒன்று, ஊரில் இருக்கும்போது கிடைத்த இ.எஸ்.ஐ. பாதுகாப்பு வேலையை விட்டபின் தொடர்வதில்லை. மற்றொன்று, தோல் தொழிலால் வந்த நோய்கள் புதிய காப்பீட்டில் ‘முன்பே உள்ள நோய்’ என்று கருதப்படக்கூடும்.

ஊரில் இருந்த பாதுகாப்பு

தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டம், அதாவது இ.எஸ்.ஐ., 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்தது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை பெறும் தொழிலாளர்கள் இதில் அடங்குவர். 2019 ஜூலை முதல் சம்பளத்தில் தொழிலாளி 0.75 விழுக்காடும் முதலாளி 3.25 விழுக்காடும் செலுத்துகின்றனர். தொழிலாளிக்கு மட்டுமன்றி, அவரைச் சார்ந்த குடும்பத்தினருக்கும் சிகிச்சை கிடைக்கும்.

இத்திட்டத்தின் பலன் இந்தியாவிற்குள் மட்டுமே. வேலையை விட்டவுடன் சந்தா நின்றுவிடும். ஆனால் பலன் அன்றே நின்றுவிடுவதில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை செலுத்திய சந்தாவிற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் காலம். அக்டோபர் முதல் மார்ச் வரை செலுத்தியதற்கு அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரை பலன் காலம். ஆகவே செப்டம்பர் வரை முறையாகச் சந்தா கட்டி அக்டோபரில் விமானம் ஏறுபவரின் குடும்பம், தகுதி நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால், பொதுவாக அடுத்த ஆண்டு ஜூன் வரை இ.எஸ்.ஐ. சிகிச்சையை நாடலாம். அந்தத் தேதிக்கு முன்பே குடும்பத்திற்கு மாற்று ஏற்பாடு செய்யப்பட வேண்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை வழங்குகிறது. ஆனால் இதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சம்பளம் வரத் தொடங்கியபின் இத்தகுதி இருக்குமா என்பதைப் பார்க்காமல், பழைய அட்டையை நம்பியிருப்பது சரியன்று.

தொழில் நோயும் உண்மை கூறலும்

தோல் பதனிடுதலில் குரோமிய உப்புகள், சுண்ணாம்பு, சல்பைடு, அமிலங்கள் பயன்படுகின்றன. நீண்ட நாள் இவற்றுடன் பழகுவோருக்குக் கையில் தோல் அழற்சி, மூச்சிரைப்பு போன்றவை வரலாம். காலணி ஒட்டும் பிரிவில் பசையிலுள்ள கரைப்பான்களின் ஆவியும், இயந்திரப் பிரிவில் இரைச்சலும் தீங்கு செய்யும். குரோமியத்தால் வரும் நோய்கள், வேதிப்பொருள்களால் வரும் தோல் நோய்கள், இரைச்சலால் வரும் செவித்திறன் குறைவு ஆகியவை சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில் நோய்களாக இடம்பெற்றுள்ளன. இத்தகைய நோய் உள்ளவர், ஊரைவிட்டுப் புறப்படும் முன்பே இ.எஸ்.ஐ. மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்துகொள்வது நல்லது. தொழில் நோயால் நிலையான உடற்குறை ஏற்பட்டது என்று உறுதியானால், அதற்கான உதவித்தொகையைக் கோர அப்பதிவு சான்றாகும். சில ஆண்டுகள் வேறு நாட்டில் வேறு வேலை செய்தபின், நோய் எங்கே தொடங்கியது என்று மெய்ப்பிப்பது கடினம்.

அதே பதிவைப் புதிய காப்பீட்டு நிறுவனத்திடம் மறைக்கலாமா என்ற கேள்வி இங்கு எழுகிறது. மறைத்தால் பிரீமியம் குறையலாம். விண்ணப்பமும் எளிதில் ஏற்கப்படலாம். ஆனால் காப்பீடு என்பது இரு தரப்பும் உண்மை பேசுவதன் மேல் அமைந்த ஒப்பந்தம். ஆஸ்துமாவிற்காக மருத்துவமனையில் சேரும் நாளில், பழைய மருந்துச் சீட்டு ஒன்று வெளிப்பட்டால் கோரிக்கை மறுக்கப்படலாம். பாலிசியே இரத்தாகவும் கூடும். கட்டிய பணமும் வீண், சிகிச்சைச் செலவும் தன் தலைமேல் என்று ஆகிவிடும். உண்மையைக் கூறி, கூடுதல் பிரீமியமோ காத்திருப்புக் காலமோ ஏற்பதே இழப்புக் குறைவான வழி.

வளைகுடா செல்வோர் செய்துகொள்ளும் மருத்துவத் தகுதிப் பரிசோதனையையும் காப்பீட்டையும் ஒன்றாகக் கருதுவோர் உண்டு. அது காசநோய், எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி போன்றவை உள்ளனவா என்று விசாவிற்காகப் பார்க்கும் சோதனை மட்டுமே. அதில் தேறியவருக்குச் சிகிச்சைச் செலவு கிடைக்கும் என்று பொருளில்லை. தேறிவிட்டார் என்பதால் காப்பீட்டு விண்ணப்பத்தில் நோயைக் கூறத் தேவையில்லை என்றும் பொருளில்லை.

பிரவாசி பாரதிய பீமா யோஜனா

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதவர்களின் கடவுச்சீட்டு பொதுவாகக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகையைச் சேர்ந்தது. இவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது, 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். அவர்களுக்கு இந்திய அரசு 2003-இல் கட்டாயமாக்கிய காப்பீடே பிரவாசி பாரதிய பீமா யோஜனா. 2017-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, வரி நீங்கலாகப் பிரீமியம் 2 ஆண்டுகளுக்கு 275 ரூபாய், 3 ஆண்டுகளுக்கு 375 ரூபாய்.

விபத்தில் இறந்தாலோ நிலையான ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் வரை இதில் கிடைக்கும். ‘பத்து லட்சம் இன்சூரன்ஸ்’ என்று ஊரில் வழங்கும் பேச்சு இத்தொகையைக் குறிப்பதே. மருத்துவச் சிகிச்சைக்கான வரம்பு 1 லட்சம் ரூபாய் மட்டுமே; அதிலும் ஒருமுறை மருத்துவமனையில் சேர்வதற்கு 50,000 ரூபாய் வரைதான். துபாயிலோ ரியாத்திலோ ஓர் அறுவைச் சிகிச்சைக்கு இது போதாது. எனவே இத்திட்டம் விபத்துக் காலத்தில் குடும்பத்திற்குத் துணை. வேலை செய்யும் நாட்டின் மருத்துவக் காப்பீட்டிற்கு மாற்று அன்று. பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு இது கட்டாயமில்லை. ஆதலால் அவர் தமக்குரிய விபத்துக் காப்பீட்டைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும்.

நாடுகள்தோறும் விதிகள்

சவூதி அரேபியாவில் 1999-இல் கூட்டுறவு மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. தனியார் துறை முதலாளி, தொழிலாளிக்கும் அங்கு அவருடன் வாழும் குடும்பத்தினருக்கும் காப்பீடு எடுக்க வேண்டும்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் விதிகள் ஒவ்வோர் அமீரகத்திற்கும் வேறுபட்டிருந்தன. அபுதாபி 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், துபாய் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் காப்பீட்டைக் கட்டாயமாக்கின. துபாயில் முதலாளி தொழிலாளிக்கு மட்டுமே கட்டக் கடமைப்பட்டவர். மனைவி மக்களை அழைத்துச் செல்பவர் அவர்களுக்குத் தாமே காப்பீடு எடுக்க வேண்டும். தொழிலாளியின் பிரீமியத்தை அவருடைய சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. ஷார்ஜா, அஜ்மான் முதலிய வட அமீரகங்களில் தனியார் துறைத் தொழிலாளர்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் கட்டாயமாயிற்று; அங்கு அடிப்படைத் திட்டத்தின் ஆண்டுக் கட்டணம் 320 திர்ஹாம்.

மலேசியாவில் அயல்நாட்டுத் தொழிலாளர்களுக்கான மருத்துவமனைக் காப்பீட்டுத் திட்டம் 2011-இல் தொடங்கியது. வேலையிடக் காயங்களுக்கு, 2019 முதல் அந்நாட்டின் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ பொறுப்பேற்கிறது.

சிங்கப்பூரில் ‘ஒர்க் பெர்மிட்’, ‘எஸ் பாஸ்’ உடையவர்களுக்கு முதலாளி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்குக் காப்பீடு எடுக்க வேண்டும். 2023 ஜூலைக்கு முன் இது 15,000 வெள்ளியாக இருந்தது. ‘எம்ப்ளாய்மெண்ட் பாஸ்’ உடையவருக்கு இக்கட்டாயம் இல்லை. அந்நாட்டு மெடிஷீல்டு லைஃப் திட்டமும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியது. ஆகவே கூடுதல் சம்பளத்தில் செல்லும் பொறியாளர், குறைந்த சம்பளத் தொழிலாளியைவிடக் குறைந்த பாதுகாப்புடன் இருக்க நேரலாம். பணி ஒப்பந்தத்தில் மருத்துவக் காப்பீடு எழுதப்பட்டுள்ளதா என்று அவர் பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் விசாக் கட்டணத்துடன் மருத்துவக் கூடுதல் கட்டணம் வாங்கப்படுகிறது. 2024 பிப்ரவரி 6 முதல் அது வயது வந்தோருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு. மாணவர்களுக்கும் 18 வயதிற்கு உட்பட்டோருக்கும் 776 பவுண்டு. கணவன், மனைவி, ஒரு குழந்தை மூன்றாண்டு விசாவில் சென்றால், பெரியவர்களுக்கு 6,210, குழந்தைக்கு 2,328, ஆக மொத்தம் 8,538 பவுண்டு முன்கூட்டியே கட்ட வேண்டும். இதைக் கட்டியவர் அரசு மருத்துவச் சேவையைப் பெறலாம் என்பதால், தனியார் காப்பீடு கட்டாயமாவதில்லை. வேலூரில் செவிலியர் பயிற்சி முடித்து, மருத்துவப் பராமரிப்புப் பணியாளர் விசாவில் செல்பவருக்கு இக்கட்டணம் விலக்கு.

தேர்ந்தெடுக்கும் முறை

சட்டப்படி கிடைப்பது எது என்று தெரிந்தபின், மீதியுள்ள இடைவெளிக்கு மட்டுமே தனியார் காப்பீடு தேட வேண்டும். அப்போது பின்வரும் கேள்விகளுக்கு எழுத்தில் விடை பெறுவது அவசியம்.

1. காப்பீடு எந்த நாளில் தொடங்குகிறது? விமானம் ஏறும் நாளுக்கும், அங்கு அடையாள அட்டை கிடைக்கும் நாளுக்கும் இடையில் சில வாரங்கள் ஆகலாம். அக்காலத்திற்குப் பயணக் காப்பீடு உதவும்.

2. முன்பே உள்ள நோய்க்கு இடம் உண்டா? உண்டென்றால் எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்?

3. தொழிலாளி தம் கையிலிருந்து தர வேண்டிய பங்கு எவ்வளவு? 20 விழுக்காடு பங்கு என்றால், 10,000 திர்ஹாம் செலவில் 2,000 அவருடையது. அதற்கு உச்சவரம்பு உண்டா என்றும் கேட்க வேண்டும்.

4. எந்த மருத்துவமனைகளில் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம்? அவற்றில் ஒன்றேனும் தங்குமிடத்திற்கு அருகில் உள்ளதா?

5. வேலை போனால் காப்பீடு எத்தனை நாள் நீடிக்கும்?

6. நோயாளியையோ, இறந்தவரின் உடலையோ ஊருக்குக் கொண்டுவரும் செலவு அடங்குமா?

ஊரிலுள்ள குடும்பமும் திரும்பி வருதலும்

இந்தியாவில் விற்கப்படும் வழக்கமான மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் இந்தியாவில் பெறும் சிகிச்சைக்கே செல்லும். வெளிநாட்டில் இருப்பவருக்கு இது எதற்கு என்று தோன்றலாம். 38 வயதில் சென்று 48 வயதில் திரும்பும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். முதலாளி கட்டிய காப்பீடு விசாவுடன் முடிந்துவிடும். இதற்கிடையில் சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ வந்திருந்தால், அவர் ஊரில் புதிய பாலிசி எடுக்கும்போது அந்நோய்க்குக் காத்திருக்க வேண்டும். 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி இக்காத்திருப்பு 36 மாதம் வரை இருக்கலாம். மாறாக, புறப்படும் முன்பே குடும்பத்துடன் சேர்த்து ஒரு பாலிசி எடுத்து இடைவிடாமல் புதுப்பித்து வந்திருந்தால், திரும்பும்போது காத்திருப்புக் காலம் கழிந்திருக்கும். அதே விதிகளின்படி, 60 மாதம் தொடர்ந்து நடந்த பாலிசியில், மோசடி என்று நிறுவப்பட்டாலன்றி, தகவல் குறைபாட்டைக் காட்டிக் கோரிக்கையை மறுக்க இயலாது. தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்திற்கு 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு மற்றும் சேவை வரியும் இல்லை.

புதுப்பிக்காமல் விட்டால் தொடர்ச்சி முறிந்துவிடும் என்பதால், அப்பொறுப்பை ஊரிலுள்ள ஒருவரிடம் ஒப்படைப்பது வழக்கம். பாலிசி ஆவணம், காப்பீட்டு அட்டை, பணி ஒப்பந்தம், கடவுச்சீட்டு, பழைய மருத்துவக் குறிப்புகள், இ.எஸ்.ஐ. எண் ஆகியவற்றின் படிகள் இரண்டு வேண்டும்: ஒன்று செல்பவரிடமும், மற்றொன்று வீட்டிலும். விபத்து நேர்ந்தால் இழப்பீடு கோரப் போவது வீட்டில் இருப்பவர்களே. எந்தக் காப்பீடு எவ்வளவு தொகைக்கு உள்ளது என்பது அவர்களுக்குத் தெரியாவிட்டால், கட்டிய காப்பீடு கோரப்படாமலே போகும்.