கரிச் சுரங்கத்து மேட்டில் ஒரு நடை

குறிஞ்சாக்கேணியில் விறகெடுக்கப் போனாலும் ஒற்றையடிப் பாதையை விட்டு நான் இறங்குவதில்லை. கண்ணிவெடிப் பயத்தில் வந்த பழக்கம் அது. சகோதரிகளே, உங்களில் பலருக்கும் அது இருக்கும். இங்கிலாந்தில் நொட்டிங்ஹாமில் வசிக்கும் மகளிடம் போயிருந்தபோது, "உம்மா, புல்லில நடக்கலாம், ஒண்டுமில்ல" என்று அவள் சொல்லியும் கால் கேட்கவில்லை.

அது கெட்லிங் பூங்கா. நம் ஊர்ப் பூந்தோட்டம் போலன்று. பரந்த புல்வெளியும் ஒரு குன்றும். குன்றும் இயற்கையானதல்ல. 1899 இல் தோண்டத் தொடங்கிய நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவு மண்ணும் கல்லும் குவிந்து மேடானது. 1991 இல் சுரங்கத்தை மூடினார்கள். 2015 இல் பூங்காவாகத் திறந்தார்கள். கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்களும் இங்கே கரி வெட்டியிருக்கிறார்கள்.

1984-85 வேலைநிறுத்தத்தின்போது அந்நாட்டின் சுரங்க ஊர்களில் பெண்கள் பொதுச் சமையல் நடத்தினார்கள். 2006 இல் மூதூர்ச் சனங்கள் இடம்பெயர்ந்து கிண்ணியாவுக்கு வந்தபோது நாங்கள் பெரிய சட்டிகளில் சோறாக்கியது நினைவுக்கு வந்தது. ஆனால் நொட்டிங்ஹாம் பகுதியில் பெரும்பாலானோர் வேலைக்குப் போனார்கள். அதனால் கூடப் பிறந்தவர்களே பகையானார்கள். பல வருடம் முகம் பாராத குடும்பங்கள் உண்டு. புல் முளைத்த காலம் அதற்குப் போதவில்லை போலும்.

உச்சிக்குப் போகும் பாதை வளைந்து வளைந்து போயிற்று. எனக்கு முழங்கால் வலி. மகள் புல்லில் குறுக்கே ஏறினாள். சற்று நின்றேன். பிறகு, அவள் மிதித்த இடத்திலேயே மிதித்துப் பின்னால் போனேன்.