எக்ஸ்ரேயில் விழாத குருத்தெலும்பு

மாடிப்படி இறங்கும்போது முழங்கால் வலிக்கிறது, உட்கார்ந்தால் குறைகிறது. காலையில் எழுந்ததும் இருக்கும் விறைப்பு அரை மணி நேரத்துக்குள் விலகிவிடுகிறது. 45 வயதைக் கடந்த ஒருவர் இப்படிச் சொன்னால், வேறு சந்தேகம் இல்லாதவரை, எக்ஸ்ரே எடுக்காமலேயே மூட்டுத் தேய்மானம் என்று தீர்மானிக்கலாம் என்கிறது பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பின் வழிகாட்டுதல்.

பிறகு ஏன் ரத்தப் பரிசோதனை?

தேய்மானத்தைக் காட்டித் தரும் ரத்தப் பரிசோதனை இன்றைய வழக்கமான சிகிச்சையில் கிடையாது. அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. போன்ற ரத்தப் பரிசோதனைகள் வேறு நோய்களை விலக்கவே உதவுகின்றன. முடக்குவாதத்தில் இவை பெரும்பாலும் உயரும். காலை விறைப்பும் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். மூட்டு வீங்கியிருந்தால் ஊசியால் நீரெடுத்துப் பார்ப்பதும் உண்டு. தேய்மானத்தில் அந்த நீரின் வெள்ளணுக்கள் வழக்கமாக ஒரு கன மில்லிமீட்டருக்கு 2,000-க்குக் கீழேதான் இருக்கும். பல்லாயிரம் இருந்தால் கிருமித்தொற்றா என்று உடனே பார்க்க வேண்டும்.

எக்ஸ்ரேயில் ஒரு சிக்கல்: தேயும் குருத்தெலும்பு படத்தில் விழவே விழாது. எலும்புகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி குறுகியிருப்பதைக் கொண்டுதான் தேய்மானத்தை ஊகிக்கிறார்கள். அதனால்தான் நோயாளியை நிற்கவைத்து முழங்காலைப் படமெடுக்கிறார்கள். படுத்திருந்தால் உடல் எடை அழுத்தாமல், இடைவெளி அகலமாகத் தோன்றி ஏமாற்றும். ஓரங்களில் துருத்தும் எலும்பு முளைகளையும் சேர்த்து 0 முதல் 4 வரை தரம் பிரிக்கும் முறையை 1957-இல் மருத்துவர்கள் கெல்கிரனும் லாரன்ஸும் வகுத்தார்கள்.

ஆனால் தரமும் வலியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. படத்தை மட்டும் பார்த்து அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பது தவறு. இடுப்பு மூட்டு தேய்ந்தாலும் முழங்கால் வலிக்கலாம் என்பதால், நல்ல மருத்துவர் இடுப்பையும் அசைத்துப் பார்ப்பார்.