‘அசதி’ என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை உணர்ச்சிகள்?

கணிதச் சோதனை நாளில் மட்டும் வயிறு வலிக்கும் மாணவர் ஒருவர் எல்லா வகுப்பிலும் இருப்பார். ‘நடிக்கிறான்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால், அந்த வலி பல நேரங்களில் உண்மையானதே. பயம் வந்ததும் உடல் ஆபத்தை எதிர்கொள்ளத் தயாராகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, செரிமானம் குழம்புகிறது, வயிறு பிசைகிறது. ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்காக வயிறு பேசுகிறது.

வார இறுதிகளில் ஜொகூர் பாருவில் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் சிலருக்கு வீட்டுப்பாடம் செய்ய உதவுகிறேன். “இன்னைக்கு எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் மூன்றே பதில்கள்தாம் வரும்: “ஓகேக்கா”, “போர்க்கா”, “டென்ஷன்க்கா”. தோழி பேசாமல் போனாலும் டென்ஷன். விளையாட்டுப் போட்டி பார்க்க அப்பா வராவிட்டாலும் டென்ஷன். மதிப்பெண் குறைந்தாலும் டென்ஷன். முதலாவது வருத்தம், இரண்டாவது ஏமாற்றம், மூன்றாவது ஒருவேளை வெட்கம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. பெயர் ஒன்றாகிவிட்டால், நாம் கொடுக்கும் மருந்தும் ஒன்றாகிவிடுகிறது: “அதெல்லாம் ஒன்னுமில்ல, போய்ப் படி!”

2022ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், நம் நாட்டு இடைநிலைப்பள்ளி மாணவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருப்பது தெரியவந்தது. இதற்குக் காரணங்கள் பல. ஆனால், எந்தக் காரணமாக இருந்தாலும், உதவி கேட்க முதலில் சொல் வேண்டும்.

பெயர் சொன்னால் என்ன நடக்கும்?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மேத்யூ லீபர்மேன் என்ற உளவியலாளரின் குழு 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கோபமும் பயமும் தெரியும் முகங்களின் படங்களை 30 பேருக்குக் காட்டி, அவர்களின் மூளைச் செயல்பாட்டைப் பதிவு செய்தார்கள். அந்த முகத்தில் தெரியும் உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியின் வேகம் குறைந்தது. அதே முகத்துக்கு ஓர் ஆள் பெயரைத் தேர்ந்தெடுத்தபோது அந்த அளவுக்குக் குறையவில்லை. உணர்ச்சியை அடையாளம் கண்டு பெயர் சொல்வதே அதன் சூட்டைக் கொஞ்சம் தணிக்கிறது என்பது இதிலிருந்து கிடைக்கும் செய்தி.

தமிழர்களான நமக்கு இந்தப் பெயர்ப் பட்டியல் புதிதல்ல. தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் இருக்கிறது. உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை எட்டு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணங்களையும் அது சொல்கிறது. அழுகைக்கு அது கூறும் காரணங்கள்: பிறர் இழிவுபடுத்துவது, இழப்பு, நிலை தளர்வது, வறுமை. அது இலக்கியத்துக்கான இலக்கணம்தான், உளவியல் நூல் அல்ல. ஆனாலும், ‘அழாதே’ என்று அதட்டுவதற்கு முன் ‘எதனால் அழுகிறாய்?’ என்று கேட்கும் மனம் அதில் இருக்கிறது. “ஆம்பளப் பையன் அழலாமா?” என்ற கேள்வி அதில் இல்லை.

மலேசியப் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. யாராவது வந்து சமாதானப்படுத்த வேண்டும் என்று எதிர்பார்த்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதை மலாய்மொழியில் ‘மெராஜுக்’ என்கிறோம். பல்லைக் கடிக்க வைக்கும் எரிச்சல் ‘கெராம்’. தமிழில் ஏக்கம், ஆதங்கம், கூச்சம், பொறாமை எனச் சொற்கள் குவிந்து கிடக்கின்றன. எந்த மொழியில் சரியான சொல் கிடைத்தாலும் நல்லதே.

இதே மொழி சிக்கலாகவும் மாறுவதுண்டு. ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுப் படிவம் 1இல் நுழையும் மாணவர், பாடங்களுக்கான மலாய்ச் சொற்களைச் சில மாதங்களில் கற்றுவிடுவார். ‘என்னைக் கேலி செய்கிறார்கள், அவமானமாக இருக்கிறது’ என்பதை ஆலோசனை ஆசிரியரிடம் மலாயில் சொல்ல அவருக்கு யார் கற்றுத்தருவது? அந்தச் சொல் இல்லாதபோதுதான் சிலர் மௌனமாகிறார்கள், சிலர் கையை ஓங்குகிறார்கள்.

பெரியவர்களுக்கும் வேண்டும்

ஜொகூரில் பல வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் அப்பா சிங்கப்பூரில்தான் வேலை செய்கிறார். விடியும் முன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, பாலத்து நெரிசலைக் கடந்து, இரவில் திரும்புவார். பல ஆண்டுகளாக அவர் சொல்லும் ஒரே சொல் “அசதியா இருக்கு”. அந்தச் சொல் வந்தால் வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் குறையும். தம்பி அறைக்குள் போய்விடுவான்.

சென்ற ஆண்டு ஓர் இரவு, சாப்பிட்டுக்கொண்டே, “இன்னைக்கு எல்லார் முன்னாடியும் திட்டிட்டாங்க. அவமானமா போச்சு” என்றார். அம்மா எதுவும் சொல்லாமல் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார். தம்பி எழுந்து போகவில்லை. அப்பாவின் கோபம் தன்மேல் அல்ல என்று அவனுக்கு அன்று புரிந்திருக்க வேண்டும். அதன்பிறகு அவனும் பள்ளியில் நடப்பதை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினான்.

அடக்குவது வேறு, கையாள்வது வேறு

முகத்தில் காட்டாமல் விழுங்கிக்கொள்வதைத்தான் நாம் ‘பொறுமை’ என்று பாராட்டுகிறோம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் இதைச் சோதித்திருக்கிறார்கள். வெளியே காட்டாமல் அடக்கியவர்களுக்கு உள்ளே இருந்த வேதனை குறையவில்லை. உடலின் பதற்றம் கூடியது. அப்போது பார்த்தவை, கேட்டவை நினைவில் நிற்பதும் குறைந்தது. மனத்துக்குள் எதையோ அடக்கிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவருக்குப் பாடம் ஏன் ஏறவில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

அப்படியானால், கோபம் வந்ததும் கொட்டிவிட வேண்டுமா? இல்லை. “கோபப்படலாம், தங்கையை அடிக்கக் கூடாது” என்று உணர்ச்சியையும் செயலையும் பிரித்துச் சொல்லலாம். மெதுவாக மூச்சை வெளியே விடலாம், சிறிது நேரம் விலகி நிற்கலாம். சூடு தணிந்த பிறகு, நடந்ததை வேறு கோணத்தில் பார்க்கலாம்: அவள் வேண்டுமென்றே பேசாமல் போனாளா, நம்மைக் கவனிக்கவில்லையா?

வீட்டில் தொடங்கப் பணம் செலவாகாது. சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவரும் அன்றைய உணர்ச்சி ஒன்றை, அதன் காரணத்தோடு சொல்லலாம். ‘ஓகே’, ‘டென்ஷன்’, ‘அசதி’ ஆகிய மூன்றுக்கும் அன்று மட்டும் தடை! முதலில் பெற்றோர் சொல்லட்டும். பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் பிள்ளைகள் பேசக் கற்கிறார்கள்.

பெயர் சொல்வது மட்டுமே எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. வருத்தமோ பயமோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, தூக்கம், சாப்பாடு, படிப்பு ஆகியவற்றைக் கெடுத்தால், அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்கை நாடுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. அழைத்ததும் என்ன சொல்வது என்று தயங்க வேண்டாம். ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று தொடங்கினால் போதும்.